இரண்டு டப்பா, ஒரு வயிறு

என் கணவருடைய ஈரலில் சீழ் பிடித்ததற்குக் காரணம் நான்தான்.

தண்ணீர் அல்ல. குழாய் அல்ல. வால்வு திறந்துவிட்ட முருகேசன் அல்லவே அல்ல! அவருக்கு நாள் தவறாமல் சோறு பிசைந்து கொடுத்த என் கை... ஏழுமலையின் மனைவி வசந்தாவின் இந்த வலது கை.

இதை ஆண்டர்சன்பேட்டையில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். "புருஷனை எமன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தவள்" என்று எங்கள் லைனில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாலு வருடமாக நடமாடுகிறேன். நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன்... உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் ஆசை.

என் மாமனார் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். என் கணவர் ஒரு நாளும் இறங்கியதில்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் பாதாளத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று நினைப்பீர்கள்! ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. மதியம் கூட்டம் வந்தால் "பஸ்ட் ஷிப்ட் இறங்கிடுச்சி" என்பார். இரண்டாம் தடவை சோறு கேட்டால் "கேஜை இன்னொரு தபா மேல அனுப்பு வசந்தா" என்பார். சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்குகிற கூண்டுதான் கேஜ். பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது, வந்தவர்களிடம் கதை அளப்பது எல்லாம் அவர். சமையல் நான்.

கூட்டம் ஓய்ந்த பிறகு எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. மிச்சச் சோறு, அடியில் நின்ற காரக்குழம்பு, பொரியல், நொறுங்கிய அப்பளம் எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டுக் கையால் பிசைவேன். உருண்டை உருட்டி அவர் உள்ளங்கையில் வைப்பேன். தட்டில் போட்டுக் கொடுத்தால் சாப்பிட மாட்டார் மனிதர்! காலையிலிருந்து பட்டினியாகக் கிடந்து அந்த உருண்டைக்காகக் காத்திருப்பார். "இதுக்குத்தான் கடையே வைச்சிருக்கேன்" என்பார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், உள்ளூரக் குளிர்ந்தும் போகும்.

அந்த உருண்டைக்கு இன்னொரு கையும் நீளும். அதுதான் முருகேசன்.

எங்கள் லைன் பழைய சுரங்கக் குடியிருப்பு. நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போடுவது, வால்வு குழிக்குள் இறங்கிச் சாவியைத் திருகித் தண்ணீர் விடுவது எல்லாம் முருகேசன். ஒப்பந்த வேலைதான். ஆனால் கலெக்டர் வேலை மாதிரிப் பார்ப்பான். தண்ணீர் திறந்ததும் சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடிப்பான். அதில் மருந்து இரண்டு சொட்டு விடுவான். மஞ்சள் நிறம் ஏறினால் குளோரின் இருக்கிறது என்று கணக்கு. குடத்தோடு நிற்கிற எங்களிடம் அதை வெயிலில் தூக்கிக் காட்டாமல் போக மாட்டான்.

"பாருங்கக்கா, இன்னா மாதிரி மஞ்சள்! தைரியமா பிடிங்க."

யார் கேட்டார்கள் அவனை? ஒருவரும் கேட்டதில்லை. ஆனாலும் காட்டுவான். கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அவன் தம்பி மாதிரி ஆகிப்போனான்.

இனிமேல்தான் என் அசிங்கம் வருகிறது... முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

ஒரு நாள் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் கடைக்கு வந்தார். சமைக்கிறவர், பரிமாறுகிறவர் எல்லோரும் உடம்பைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். இரத்தம் கொடுக்க வேண்டும். மலமும் கொடுக்க வேண்டும்.

என் கணவருக்கு அது ஒரு விளையாட்டு. இரண்டு மூடி போட்ட டப்பாக்களை வாங்கி வந்து, ஒன்றில் தன் பெயரையும் இன்னொன்றில் என் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதினார். மறுநாள் காலையில் தன் டப்பாவை ஜம்மென்று கொண்டுவந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

என் டப்பா காலியாகவே இருந்தது.

கூச்சம் என்று நினைக்கிறீர்களா? கூச்சமும்தான். ஆனால் அது மட்டும் என்று சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும். எனக்குப் பல மாதங்களாக வயிறு சரியில்லை. பெரிய நோவு ஒன்றும் இல்லை. சில நாள் முறுக்கும், சளி சளியாகப் போகும், பிறகு தானே அடங்கிவிடும். சீரகத்தைக் கொதிக்க வைத்துக் குடித்து யாருக்கும் தெரியாமல் சமாளித்துக்கொண்டிருந்தேன். சோதித்தால் ஏதாவது வந்துவிடும் என்று என் உள்மனத்துக்குத் தெரிந்திருந்தது! வந்தால் கடையை மூடச் சொல்வார்களோ? "அந்தப் பொம்பளை சமைக்கிறதையா தின்னோம்" என்று ஊர் பேசுமோ?

அவர் குளித்துக்கொண்டிருந்தார். கர்ணகடூரமாகப் பாடிக்கொண்டே குளிப்பார். அந்தப் பாட்டு முடிவதற்குள் ஓர் ஐஸ் குச்சியை எடுத்து, அவர் டப்பாவிலிருந்து பாதியை என் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன்.

ஆம்... அதைத்தான் செய்தேன்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் அன்று சிரிப்புதான் வந்தது. தாலி கட்டியதிலிருந்து எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டோம், இதையும் பங்கு போட்டாயிற்று என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிற பிலோமினா என்னோடு பள்ளியில் படித்தவள். முடிவை வாங்கப் போனபோது அவளும் கேலி செய்தாள்.

"இன்னா வசந்தா, புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே மாதிரி ரிப்போர்ட்டு! ரெண்டு பேருக்கும் வயிறு கண்ணாடி மாதிரி கீது."

இரண்டு சான்றிதழ்களையும் அவர் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். கல்யாணப் படத்தைக்கூட அவ்வளவு ஆசையாக மாட்டியதில்லை.

நான் வழக்கம்போலச் சமைத்தேன். லைன் கடைசியில் இருக்கிற பொதுக் கழிப்பறைக்குப் போய்வந்து, சோப்பு தீர்ந்துபோன காலைகளில் வெறும் தண்ணீரில் கையை அலசி, புடவையில் துடைத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அடுப்பில் கொதித்ததெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆறிய பிறகு அதற்குள் என் கை போனது. நகத்தைக்கூட நான் ஒழுங்காக வெட்டியதில்லை... ஐயோ, இப்போது நினைத்தாலும் இந்த விரல்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை!

ஏழெட்டு மாதம் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பைத் தூக்கிப் போடுகிற குளிர் காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே தொட விடவில்லை, தோள்பட்டை வரைக்கும் வலி ஏறியது. பாட்டு நின்றது, கதை நின்றது. நான் நீட்டிய உருண்டையை முதல் தடவையாக வேண்டாமென்று தலையசைத்தார். அன்றைக்கே கோலாரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

எங்கே வலி என்று டாக்டரம்மா கேட்டார். அந்த நிலையிலும் என் மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை.

"ரைட் சைடு டாக்டர்... அஞ்சாவது லெவல்."

சுரங்கத்தின் ஆழத்தைச் சொல்கிற கணக்கு அது; டாக்டரம்மா விலா எலும்பை எண்ணத் தொடங்கிவிட்டார்! நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஸ்கேனில் ஈரலில் பெரிய கட்டி தெரிந்தது. ஊசி போட்டு உறிஞ்சியபோது செங்காவி நிறத்தில் சீழ் வந்தது. டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்.

"அமீபாம்மா. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. ஒருத்தர் வயித்துல இருந்து வெளியே வந்து இன்னொருத்தர் வாய்க்குள்ளே போகும். தண்ணி வழியா போகலாம். சமைக்கிறவங்க கை வழியாவும் போகலாம். உங்க வீட்டுல தண்ணி எப்படி?"

தண்ணி, கை... இரண்டையும் சொன்னார். இரண்டுமே என் காதில் விழுந்தன.

"தண்ணிதான் டாக்டர்" என்றேன். "எங்க லைன் தண்ணி சரியில்ல."

ஒரு நொடி யோசித்தேனா? யோசிக்கவே இல்லை! வாய் தானாகச் சொன்னது. எங்கள் வீட்டிலும் கடையிலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அதில் எனக்குத் தனிக் கர்வமே உண்டு. அதையும் விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

கட்டிலில் படுத்திருந்தவருக்கு அது கேட்டுவிட்டது.

"தண்ணியா? வாய் கொப்பளிக்கிறது, தட்டு கழுவுறது எல்லாம் அந்தக் குழாத் தண்ணிதானே... வுடறேனா பாரு!"

உயிர் திரும்பி வந்ததற்கு அடையாளமே அந்தக் கோபம்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே மனு எழுதினார். லைனில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் பாட்டும் கதையும் திரும்பின. நான் எப்படித் தடுப்பேன்? பிழைத்து எழுந்த மனிதருக்கு ஒரு சண்டை கிடைத்திருக்கிறது, அதைப் பிடுங்க முடியுமா?

அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் தனியாகப் பிலோமினாவிடம் போனேன். வீட்டில் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை டப்பாவில் இருந்தது என்னுடையது.

பிலோமினா நுண்நோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள். மங்கலான வெளிச்சத்தில் உருண்டையாக ஒன்று. அதற்குள் நாலு சின்னப் புள்ளிகள்.

"இதாண்டி அமீபாவோட கூடு. உன் வயித்துல நிறையவே கீது. உனக்கு ஒண்ணும் பெரிசா பண்ணாது, ஆனா உன் கைவழியா அடுத்தவங்களுக்குப் போகும்."

"தண்ணியில வந்திருக்குமா பிலோ?"

"வரலாம். குளோரினுக்கு இது சாவாது. கொதிக்க வைச்சாத்தான் சாவும். நீதான் கொதிக்க வைக்காம குடிக்கவே மாட்டியே! அவருக்கு உன்கிட்ட இருந்துதான் போயிருக்கும்னு தோணுது. ஆனா நூத்துக்கு நூறு சொல்ல முடியாதுடி. இதே மாதிரி கெடுதல் பண்ணாத வகை ஒண்ணு கீது, பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

அந்தக் கடைசி வார்த்தையை எப்படிப் பிடித்துக்கொண்டேன் தெரியுமா? கிணற்றில் விழுந்தவள் கயிற்றைப் பிடிப்பது மாதிரி! நூறு சதவீதம் சொல்ல முடியாது... நூறு சதவீதம் சொல்ல முடியாது... என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் சுவரில் தொங்குகிற இரண்டு சான்றிதழ்களும் யாருடைய வயிற்றிலிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியும். அப்போது அவர் வயிறு சுத்தம். இரண்டு தடவை சோதித்து இரண்டு தடவையும் சுத்தம்!

கிளம்பும்போது பிலோமினா ஒன்று கேட்டாள். "போன தபா உனக்கு ஒண்ணுமே இல்லையே, எப்படிடி?" நான் பர்ஸைத் திறந்து மூடினேன். அவள் முடிவைச் சீட்டில் எழுதி என் கையில் வைத்தாள்.

அதற்கு மறுநாள் எங்கள் லைனில் விசாரணை.

குடிநீர்ப் பொறியாளர் வந்தார். முன்பே, வெளிக் கிருமி சேராமலிருக்கக் குழாய் வாயில் நெருப்பைக் காட்டிச் சுட்டுவிட்டு, சின்னப் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துப் போயிருந்தார்கள். கெட்ட தண்ணீர் என்றால் அந்தப் பாட்டில் கறுத்துவிடுமாம். ஒன்றும் கறுக்கவில்லை.

"பவுடரைக் கொட்டிட்டு வந்து தண்ணி பிடிச்சா எப்படிக் கறுக்கும்?" என்றார் என் கணவர். நிற்கத் தெம்பில்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார். கூட்டம் கை தட்டியது.

பொறியாளர் முருகேசனைப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் பவுடர் போட்டியாப்பா?"

போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரால் பொய்யென்று காட்ட முடியும்? அவன் என் கணவரைப் பார்த்தான். சட்டை தொளதொளத்துக் கிடந்த அந்த உடம்பைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"ரெண்டு தபா போடல சார். ஸ்டோருக்குப் பவுடர் வரல. பொம்பளைங்க குடத்தோட நின்னுக்கினு இருந்தாங்க... திறந்து வுட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல. தப்புதான் சார்."

பவுடர் போட்டிருந்தாலும் அந்தக் கூடு செத்திருக்காது! அதை அங்கே அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான். பிலோமினா கொடுத்த சீட்டு என் பர்ஸில், நாலாக மடித்து, என் இடுப்பில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். "என்கிட்ட இருந்து வந்தது சார்"... அவ்வளவுதானே? என் தோளில் அவர் கை கனத்தது. கூட்டம் முழுவதும் என் கடையில் சாப்பிட்டவர்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அழுகிறேன் என்று நினைத்து இரண்டு பெண்கள் என்னைத் தேற்றினார்கள்.

மறுநாளிலிருந்து முருகேசனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதன்பின் எங்கள் லைனுக்குப் புதுக் குழாய் பதித்தார்கள். பழைய குழாய் சாக்கடையோடு ஒட்டிக் கிடந்ததாம். என் கணவருக்கு மாலை போட்டார்கள். நல்லதுதானே நடந்தது என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். நீங்களும் சொல்வீர்கள். சொல்லாதீர்கள்... வேண்டாம்.

மாத்திரை சாப்பிட்டேன். இரண்டு முறை சோதித்து வயிறு சுத்தமான பிறகுதான் அடுப்பைத் தொட்டேன். அதுவரைக்கும் முதுகுவலி என்று சொல்லி ஓர் அம்மாவைச் சமைக்க வைத்திருந்தேன். பழைய சான்றிதழை எடுத்துவிட்டு உண்மையானதை மாட்டினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போய்க் கொடுக்கிறேன், என்னுடையதைத்தான் கொடுக்கிறேன். நகம் ஒட்ட வெட்டியிருக்கிறேன். சோப்பில் கை தேய்த்துத் தேய்த்துத் தோல் வறண்டுவிட்டது. கையால் பிசைவதை விட்டுக் கரண்டியால் கிளறிக் கொடுக்கிறேன். அதற்கு அவர் செய்கிற கலாட்டாவைக் கேட்க வேண்டுமே!

"இன்னா வசந்தா, ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி கீது. உன் கை பட்டாத்தானே அது சோறு?"

"கை வலிக்குதுங்க" என்கிறேன். உடனே என் கையை எடுத்து நீவிவிடுகிறார். இதைவிட எனக்கு வேறென்ன தண்டனை வேண்டும்? ஆனாலும் இது தண்டனையாகுமா? அவர் நீவும்போது எனக்குச் சுகமாகத்தானே இருக்கிறது...

என் கையால் சாப்பிட்ட மற்றவர்கள்? வேலைக்கு ரயில் ஏறுகிறவர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், வேறு எந்த ஊரிலோ எந்த ஆஸ்பத்திரியிலோ யாராவது படுத்தார்களா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

முருகேசன் இப்போது பூதிகோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டங்களில் பெட்டி ஏற்றுகிறான். கோபம் கொண்டு எங்களை வெறுத்திருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன். பாவி, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு பை தக்காளியோடு வந்துவிடுகிறான்! வாசல் குழாயில் தானே மூன்று தண்ணீர் அலசி, "அண்ணாவுக்கு அப்படியே வெட்டிக் குடுக்காதீங்கக்கா, வேகவைச்சிக் குடுங்க" என்று சொல்லித்தான் கையில் தருவான். தோட்டத்தில் எல்லோரிடமும், "என் சோம்பேறித்தனத்தால ஒரு மனுஷன் சாவு வரைக்கும் போய்ட்டு வந்தாரு" என்று சொல்லிச் சொல்லித் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வைக்கிறானாம். அவனே சொன்னான்.

போன ஞாயிறும் வந்தான். என் கணவர் அவனோடு சிரித்துப் பேசிவிட்டு, உள்ளே போய்ப் படுத்தார். முருகேசன் போகாமல் நின்றான். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது அவனுக்கு.

"யக்கா... ஒண்ணு கேக்கணும். அண்ணா சிரிச்சித்தான் பேசறாரு. ஆனா மனசுல இன்னா வைச்சிருக்காருன்னு எனக்குத் தெரியல. அவரு என்னை மன்னிச்சிட்டாராக்கா?"

வாசலில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. இதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்காது. "முருகேசா, நீ ஒரு தப்பும் பண்ணலடா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்!

"மன்னிச்சிட்டாரு முருகேசா" என்றேன்.

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டான். நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.